கறுத்த உதட்டுக்கு எடுபடுகிற லிப்ஸ்டிக் எது? நம்ம கடற்கரைக்காரர்கள் சொல்லுங்கள்

மண்டபத்திலிருந்து:
அண்ணன் கல்யாணத்துக்காக லிப்ஸ்டிக் வாங்க இராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு பேன்சி கடைக்குப் போயிருந்தேன். நான் நல்ல கறுப்பு. உதடும் கறுப்புதான், கீழுதட்டின் நடுவில் மட்டும் லேசாக ரோஸ் தெரியும். கடையில் நின்ற பெண் என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கேட்காமலே வெளிர் ரோஸ் ஒன்றை எடுத்து நீட்டினாள். "இது போட்டா கலரா தெரிவீங்கக்கா" என்றாள். விரலில் தொட்டு உதட்டில் வைத்துப் பார்த்தால் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. காய்ச்சல்காரி முகம்.

இதற்குக் காரணம் உண்டு. வெளிர் நிறங்களில் வெள்ளைக்காக டைட்டானியம் டைஆக்சைடு கூடுதலாகச் சேர்ப்பார்கள். கறுத்த உதட்டில் அந்த வெள்ளை தனியாக மேலே நிற்கும். இரண்டும் சேர்ந்தால் கிடைப்பது ரோஸ் இல்லை, ஒரு மாதிரி ஊதா கலந்த சாம்பல்.

பின்வரிசையில் செங்கல் நிறத்தில் ஒன்று இருந்தது. அதைக் கேட்டதும் "அது உங்களுக்கு அடிக்குமேக்கா" என்று தயங்கினாள். அடிக்கவே இல்லை. உதட்டின் சொந்தக் கறுப்பு அதற்குள் கலந்து, நிறம் இன்னும் ஆழமாகத்தான் தெரிந்தது. விலை நூற்றைம்பதுக்குள். கல்யாணப் படங்களைப் பார்த்துவிட்டு மதினியே என்ன ஷேடு என்று கேட்டார்கள்.

நம்மைக் கலராகக் காட்டுவதுதான் லிப்ஸ்டிக்கின் வேலை என்று யார் சொன்னது என்று எனக்குப் புரிவதே இல்லை. முகத்தின் நிறத்தைப் பார்த்து எடுப்பதைவிட உதட்டின் நிறத்தைப் பார்த்து எடுங்கள் என்பது என் கட்சி. உங்களுக்கு எது அமைந்தது?

கீழக்கரையிலிருந்து:
எங்கள் ஊரில் லிப்ஸ்டிக் கடையில் வாங்குவதைவிட பெட்டியில் வருவதுதான் அதிகம். துபாயிலிருந்து மச்சான் வந்தால் உம்மாவுக்கு, லாத்தாவுக்கு (அக்காவுக்கு), எனக்கு, மாமிக்கு என்று எல்லாருக்கும் ஒரே சிவப்பு. ஆண்கள் விமான நிலையத்து விளக்கில் பார்த்து வாங்கினால் வேறு எப்படி இருக்கும்! சிவந்த நிறமான லாத்தாவுக்கு அது பொருந்தும். எனக்கு உதட்டு ஓரம் கறுப்பு என்பதால் அப்படியே போட்டால் நடுவில் சிவப்பு, சுற்றிக் கறுப்புக் கோடு. இப்போது முதலில் பழுப்பு நிற லிப் பென்சிலால் உதடு முழுக்க மெல்லத் தேய்த்துவிட்டு மேலே அந்தச் சிவப்பைப் போடுகிறேன். மாதுளம்பழ நிறம் வந்துவிடுகிறது, தனியாகக் காசு செலவில்லை.

இன்னொன்று, தொழுகிறவர்களுக்கு. காய்ந்து ஒட்டிக்கொள்ளும் லிக்விட் மேட் பார்க்க அழகுதான். ஆனால் உதட்டில் ஒரு படலமாக நிற்கும், தண்ணீர் உள்ளே போகாது. ஒளு (தொழுகைக்கு முன் முகம், கைகால் கழுவுவது) எடுக்கும்முன் சுத்தமாக எடுத்தாக வேண்டும். லுஹர் என்ற மதியத் தொழுகைக்கு ஒரு தடவை, அஸர் என்ற மாலைத் தொழுகைக்கு ஒரு தடவை தேய்த்து எடுத்தால் உதடு புண்ணாகிவிடும். அதனால் வெளியே போகும் நாளில் எனக்குச் சாதாரண கிரீம் குச்சிதான். பஞ்சில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் வைத்துத் துடைத்தால் வந்துவிடும்.

தங்கச்சிமடத்திலிருந்து:
நிறத்தை விடுங்கள், நம்ம காற்றுக்கு எது நிற்கும் என்பதுதான் என் பிரச்சினை. ஜூலையில் வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் சர்ச் திருவிழாவுக்கு லிப் கிளாஸ் போட்டுப் போய்ப் பாருங்கள். காற்றில் முடி பறந்து வந்து ஒட்டும், மணல் ஒட்டும். மேட் போட்டாலோ உப்புக்காற்றுக்கு மத்தியானத்துக்குள் வெடித்துவிடும். நான் செய்வது: குளித்ததும் லிப் பாம். சேலை கட்டி முடிப்பதற்குள் அது ஊறிவிடும். மீதியை டிஷ்யூவில் ஒற்றிவிட்டு மெல்லிசாக ஒரு பூச்சு, மறுபடி ஒற்றல், மறுபடி ஒரு பூச்சு. பூசை முடியும் வரை இருக்கும்.

அப்புறம் ஸ்கூட்டி பெட்டிக்குள் லிப்ஸ்டிக்கை வைக்காதீர்கள். மெழுகும் விளக்கெண்ணெயும் சேர்ந்ததுதானே அது, நம்ம ஊர் வெயிலுக்கு இளகிக் குனிந்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்தால் இறுகும்.

சின்னப்பாலத்திலிருந்து:
அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் கிடந்து உதடு கறுத்து, தோல் உரிந்துபோயிருக்கும். அதன்மேல் எந்த லிப்ஸ்டிக் போட்டாலும் திட்டுத் திட்டாகத்தான் நிற்கும். எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து பாதுகாப்பு) இருக்கிற, லேசான நிறம் கொண்ட லிப் பாம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். முதலில் "இந்த வயசுல எனக்கு என்னத்துக்குடி சாயம்" என்றார். இப்போது தங்கை வளைகாப்புக்குத் தானாகவே எடுத்துப் போட்டுக்கொண்டார். வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு எஸ்பிஎஃப் தான் முதலில், நிறமெல்லாம் அதற்குப் பிறகு.

தேவிபட்டினம் பக்கம் பேன்சி கடை வைத்திருப்பவர்:
வெளிர் ரோஸை ஏன் நீட்டுகிறோம் என்றால், வருகிறவர்களில் நிறையப் பேர் கேட்பது அதைத்தான். கறுத்த பிள்ளையிடம் நானாகப் பழுப்பை எடுத்துக் காட்டினால் "ஏன், நான் கறுப்புங்கிறதாலயா?" என்று கோபப்படுகிறார்கள். எங்கள் பாடும் பாடுதான்.

கடைக்கு வந்தால் புறங்கையில் தீட்டிப் பார்க்காதீர்கள். விரல் நுனியில் தொட்டுப் பாருங்கள், அந்தத் தோல்தான் நிறத்தில் உதட்டுக்குக் கிட்டே வரும். அப்படியே வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பாருங்கள். டியூப் லைட்டில் எல்லா நிறமும் பொய் சொல்லும். பலர் தொட்ட டெஸ்டரை நேராக உதட்டில் வைக்கவே கூடாது, உதட்டுப் புண் தொற்றும்.

எல் 18, புளூ ஹெவன் மாதிரி விலை குறைந்தவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது, பெரிய கம்பெனிப் பெயரில் ஒரு எழுத்தை மாற்றிப் போட்டுத் திருவிழாக் கடைகளில் கிடக்கும் சரக்குக்கு. 2020 காஸ்மெடிக்ஸ் விதிகளின்படி தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், எதற்குள் பயன்படுத்த வேண்டும் என்ற தேதி, சேர்மானங்கள் எல்லாம் மேலே இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கை இங்கே விற்றால் இறக்குமதி செய்தவர் முகவரியும் பதிவு எண்ணும் வேண்டும். நிறமிகளில் ஈயம் 20 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 20 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். லேபிளே இல்லாத டப்பாவில் அதை யார் பார்த்தது? உதட்டில் போடுவது கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றுக்குள்தானே போகிறது.

மண்டபத்திலிருந்து:
ஷேடு பெயர் கேட்டவர்களுக்கு: பெயரை வைத்துத் தேடாதீர்கள், ஒரே பெயரில் கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். செங்கல்லில் கொஞ்சம் பழுப்பு கலந்தது என்று கேளுங்கள். அது இல்லையென்றால் மெரூன், நாவல்பழ நிறம் இரண்டையும் எடுத்துப் பாருங்கள். பகலிலேயே போய்விடுங்கள். ராத்திரி எட்டு மணிக்குப் போனால் வாசலுக்கு வந்தும் பிரயோசனமில்லை.