பென்சில் பிடித்தால்தான் மழலையர் வகுப்பா?

மணல்வீடு:
பென்சிலை மூன்று விரல்களால் பிடித்துத் தன் பெயரை எழுதும் குழந்தையே மழலையர் வகுப்புக்குத் தயார், மற்றதெல்லாம் பெற்றோரின் அவசரம் என்று ஓய்வாசிரியை நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்புதான். அவை ஒவ்வொன்றாக இறுகி, கடைசி எலும்பின் முறை வருவதற்கே எட்டு வயது தாண்டிவிடும். என் மகள் பென்சிலை முஷ்டியால்தான் பிடிக்கிறாள். ஆனால் கழிப்பறைக்குத் தானே போய்வருகிறாள், தன் முறை வரும்வரை காத்திருக்கிறாள், மூடி திறக்காவிட்டால் அருகிலிருக்கும் பெரியவரிடம் கேட்கிறாள். இவளைத் தயாரில்லை என்பீர்களா?

ஓய்வாசிரியை:
என்பேன். முப்பத்தொரு ஆண்டுகள் வகுப்பில் நின்றவள் நான். எலும்புப் பாடம் எனக்குத் தேவையில்லை. குழந்தை வட்டத்தை ஏறக்குறைய மூன்று வயதிலும், கூட்டல் குறியை நான்கிலும், சதுரத்தை ஐந்தை நெருங்கும்போதும் பார்த்து வரையும் என்ற வரிசையை ஆர்னால்டு கெசல் போன்ற குழந்தை வளர்ச்சி ஆய்வாளர்கள் எப்போதோ பதிவு செய்துவிட்டார்கள். கை சொல்வதை நம்பலாம், தாய் சொல்வதை நம்ப முடியாது.

இருவரின்தந்தை:
கடைசி வரியைத் திரும்பப் பெறுங்கள், அம்மா. என் மூத்தவன் நீங்கள் கேட்கும் மூன்று விரல் பிடியோடுதான் போனான். இரண்டு மாதம் வாசலிலேயே அழுதான். முஷ்டியால் பிடித்த இளையவளோ முதல் நாளே திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். இதில் உங்கள் பென்சில் எதை முன்கூட்டிச் சொன்னது?

ஓய்வாசிரியை:
உங்கள் வீட்டில் இருவர், என் வகுப்புகளில் பல நூறு பேர். அழுகை சில வாரங்களில் அடங்கும். தவறாகப் படிந்த பிடி ஆண்டுகள் போனாலும் விடாது. எதையும் திரும்பப் பெறுவதாக இல்லை.

நெல்லி:
1837இல் கல்வியாளர் பிரோபெல் ஜெர்மனியில் சிறு குழந்தைகளுக்கான தம் பள்ளியைத் தொடங்கி, 1840இல் அதற்குக் குழந்தைகளின் தோட்டம் என்று பொருள்படும் கிண்டர்கார்டன் என்ற பெயரைச் சூட்டினார். அவர் வகுத்த விளையாட்டுப் பொருள்களில் முதலாவது ஆறு கம்பளிப் பந்துகள், பென்சில் அல்ல.

ஓய்வாசிரியை:
பாதியைப் படித்துவிட்டு வராதீர்கள். அதே பிரோபெல் கட்டம் போட்ட பலகையில் கோடு வரைவதையும் பயிற்சியாக வைத்தார். வரைய எதையேனும் பிடித்துத்தானே ஆக வேண்டும்?

மணல்வீடு:
கழிப்பறைப் பழக்கம் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் ஒன்றைப் பற்றிக்கொண்டு எங்களை அயர வைத்தீர்கள். அன்று நீங்கள் என்னைப் பொறுப்பற்ற தாய் என்றதை நான் மறக்கவில்லை. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்குச் சற்று முன்பு பிறந்த குழந்தை, பக்கத்தில் அமர்ந்திருப்பவனைவிட ஏறக்குறைய ஒரு வயது இளையதாக இருக்கலாம். வகுப்பின் மிக இளைய பிள்ளைகளுக்கே கவனக்குறைபாடு என்ற முத்திரை அதிகம் விழுவதைப் பல நாட்டு ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வெறும் வயதைக் குறையாக எண்ணும் அந்தத் தவற்றைத்தான் நீங்கள் பென்சிலை வைத்துச் செய்கிறீர்கள்.

இருவரின்தந்தை:
அப்படியென்றால் ஓராண்டு காத்திருக்கச் சொல்கிறீர்களா? அதை நான் ஏற்க மாட்டேன். பேசவும் பழகவும் துடிக்கும் பிள்ளையை வீட்டிலேயே நிறுத்துவது அதற்குச் செய்யும் அநியாயம்.

மணல்வீடு:
காத்திருக்கச் சொன்னேன் என்று எந்த வரியில் படித்தீர்கள்? அவளை இந்த ஆண்டே சேர்க்க வேண்டும் என்பதற்குத்தானே இத்தனை பேசுகிறேன்!

நெல்லி:
தயார் என்றால் எதற்குத் தயார் என்பதை முதலில் பேசிக்கொண்டால் என்ன?

ஓய்வாசிரியை:
அது பிறகு. மணல்வீடு, உங்கள் மகளிடம் ஒரு சதுரத்தைக் காட்டி வரையச் சொல்லுங்கள். அப்போது அவள் விரல்கள் பென்சிலில் எங்கே இருக்கின்றன என்று பார்த்து எழுதுங்கள்.

மணல்வீடு:
அவள் தூங்குகிறாள். விழித்த பிறகும் உங்களுக்காக அவள் கையில் பென்சிலைத் திணிக்க மாட்டேன்.