குடும்பத்தோடு க்ரூஸ்: ‘கேஷுவல்’ இரவுகளில் சாப்பிட என்ன போட்டுக்கொண்டு போவது?

இரண்டுபெட்டி கேட்டது:

ஏழு இரவு க்ரூஸ் (உல்லாசக் கப்பல் பயணம்) புக் செய்திருக்கிறோம். நான், கணவர், மாமியார் (68), மகன் (13), மகள் (4). வந்த குறிப்பில் இரண்டு இரவு ‘ஃபார்மல்’, மீதி ஐந்தும் ‘கேஷுவல்’ என்று போட்டிருக்கிறது. ஃபார்மலுக்கு என்னென்ன என்று முடிவாகிவிட்டது. குழப்பம் முழுக்க அந்த ஐந்து இரவில்தான். கேஷுவல் என்றால் பகலில் போட்ட ஷார்ட்ஸ், டீ-ஷர்ட்டோடு அப்படியே போய் உட்காரலாமா? ஜீன்ஸ் போடலாமா? மகன் காலர் வைத்த சட்டை என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். மாமியாருக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது. ஐந்து பேருக்கும் சேர்த்து இரண்டே பெட்டி என்று ஒரு பிடிவாதத்தில் இருக்கிறேன், அதற்குள் அடங்குகிற மாதிரி சொல்லுங்கள்.

---

மேல்தளம்:

எங்கே சாப்பிடப் போகிறீர்கள் என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு பெரும்பாலும் மேஜைக்கு வந்து பரிமாறுகிற மெயின் டைனிங் ரூமுக்குத்தான். மேல்தளத்து பஃபேயில் உடை விதி கிட்டத்தட்ட கிடையாது. ஈர நீச்சலுடையோ வெறுங்காலோ இல்லாமல் இருந்தால் போதும். தனியாகப் பணம் கட்டிச் சாப்பிடும் ரெஸ்டாரன்ட்டுகள் சாதாரண இரவிலும் ஒரு படி மேலே எதிர்பார்க்கும். அங்கே போகிற எண்ணம் இருந்தால் ஆண்களுக்கு முழு நீளப் பேன்ட் அவசியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டைனிங் ரூமில் கேஷுவல் என்றால் அலங்காரம் வேண்டாம் என்று அர்த்தம். குளத்தடியிலிருந்து எழுந்து வந்த கோலத்தில் வரலாம் என்று அர்த்தமில்லை. வாசலில் நிறுத்தப்படுபவை எல்லாக் கப்பலிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: நீச்சலுடை (மேலே துண்டோ மெல்லிய அங்கியோ போர்த்தியிருந்தாலும்), ஆண்களின் கையில்லாத பனியன், ஜிம் ஷார்ட்ஸ், கிழிசல் ஜீன்ஸ். கிழிசலும் வெளுப்பும் இல்லாத அடர்நிற ஜீன்ஸுக்குப் பெரும்பாலும் தடை இல்லை.

கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதும் உண்டு. கார்னிவலில் 2 முதல் 5 நாள் பயணத்துக்கு ஒரு அலங்கார இரவு, 6 நாளோ அதற்கு மேலோ என்றால் இரண்டு. நார்வீஜியனில் ஃபார்மல் இரவு என்ற கட்டாயமே இல்லை. டிஸ்னியில் டைனிங் ரூமுக்கு நீச்சலுடையும் டேங்க் டாப்பும் கூடாது, மற்றபடி தாராளம். கியூனார்ட் நேர் எதிர். மாலை 6 மணிக்கு மேல் கப்பலின் பெரும்பகுதியிலேயே உடை விஷயத்தில் கறார். உங்கள் கம்பெனியின் ஆப்பில் தேதிவாரியாக இருக்கும். கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒரு தடவை பாருங்கள், ஃபார்மல் இரவு எந்த நாள் என்பது மாறக்கூடும்.

இப்போது பெட்டிக் கணக்கு. ஐந்து இரவுக்கு ஐந்து செட் என்று யோசித்தால் இரண்டு பெட்டி போதாது. கீழே போடுவதை வைத்துக் கணக்குப் போடுங்கள். உங்கள் கணவருக்கு ஒரு அடர்நிற ஜீன்ஸ், ஒரு காட்டன் பேன்ட், நான்கு காலர் சட்டை, அவ்வளவுதான். சாப்பாட்டு மேஜையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிற பேன்ட் அழுக்காவதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் இடையில் காற்றாடிவிடும். சட்டை அப்படியில்லை, கழுத்தும் அக்குளும் காட்டிக்கொடுத்துவிடும். நான்கில் இரண்டு போலோ டீ-ஷர்ட்டாக இருக்கட்டும், பின்னல் துணி என்பதால் சுருட்டி வைத்தாலும் கசங்காது.

உங்களுக்கு முழங்காலுக்குக் கீழே வருகிற இரண்டு ஃப்ராக், ஒரு கறுப்புப் பேன்ட், மூன்று டாப். அடர்நிறத்தில் சின்னச் சின்னப் பூப்போட்டதாக எடுங்கள், சாஸ் தெறித்தாலும் கண்ணில் படாது. வெள்ளை பேன்ட் வேண்டவே வேண்டாம். பக்கத்தில் நாலு வயதுக் குழந்தை உட்காரப் போகிறது!

மாமியார் விஷயத்தை நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. டைனிங் ரூமில் குளிர் உறைக்கும், அதிலும் ஏசி துவாரத்துக்கு நேர் கீழே மேஜை அமைந்துவிட்டால் சால்வை மட்டும் தாங்காது. சால்வை தோளிலிருந்து நழுவும், சாப்பிடும்போது நுனி தட்டில் விழும். முன்னால் பட்டன் வைத்த முழுக்கை கார்டிகன்தான் சரி. கூடவே கால்விரல் மூடின செருப்பு, மெல்லிய சாக்ஸ். குளிர் முதலில் ஏறுவது பாதத்தில்தான். உங்கள் பயணத்தில் ஒரே மேஜை ஏழு நாளும் என்ற ஏற்பாடு இருந்தால், முதல் இரவே ஹெட் வெயிட்டரிடம் சொல்லி மேஜையை மாற்றிக் கேளுங்கள். இரண்டாம் நாளுக்குப் பிறகு மாற்றுவது சிரமம்.

---

குட்டிமாலுமி:

பிள்ளைகள் பக்கம் நான் சொல்கிறேன்.

மகனுக்குக் காலர் கட்டாயமில்லை. அந்தச் சண்டையை ஃபார்மல் இரவுக்கு மிச்சம் வையுங்கள். கேஷுவல் இரவில் கழுத்து தொங்காத, பெரிய எழுத்தோ கேலி வாசகமோ இல்லாத ஒற்றை நிற டீ-ஷர்ட், ஜீன்ஸ், மூடின ஷூ போதும். மூன்று பட்டன் வைத்த, காலர் இல்லாத டீ-ஷர்ட் கிடைக்கும், அதற்குப் பெரும்பாலான பையன்கள் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் பேன்ட்டைப் பெட்டியில் வைக்கும்முன் ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 13 வயதில் ஆறு மாதத்துக்கு முந்தின பேன்ட் கணுக்காலுக்கு மேலே நிற்கும். ஷூவும் அப்படித்தான், கப்பலில் போய்க் கடிக்கிறது என்பான்.

நாலு வயதுக்கு ஐந்து மேல்சட்டை, இரண்டு லெக்கிங்ஸ், இரண்டு பருத்தி ஃப்ராக். சமாளிக்க வேண்டியது உடையைவிட நேரத்தை. முதல் பந்தி வழக்கமாக மாலை 5:30, 6 மணி வாக்கில். இரண்டாவது 8 மணியைத் தாண்டித் தொடங்கும், அதில் அந்த வயதுக் குழந்தை சூப் வரும்போதே தூங்கி விழும். முதல் பந்தி என்றால் கரையிலிருந்து திரும்பி ஐந்து பேரும் ஒரே குளியலறையில் குளிக்கக் கையில் இருப்பது ஒன்றரை மணி நேரம்கூட இருக்காது. கடைசியாகக் குளிக்க வேண்டியவள் சின்னவள்தான். முதலில் குளிப்பாட்டி உடுத்திவிட்டால் மற்றவர்கள் தயாராவதற்குள் தரையில் உருண்டு கசக்கிவிடுவாள். டைனிங் ரூமுக்குக் கைப்பையில் ஒரு மாற்று மேல்சட்டை, துணி நாப்கினைக் கழுத்தில் மாட்ட இரு முனையிலும் கிளிப் வைத்த நாடா ஒன்று. அந்த நாடா பத்து மாற்றுத் துணிக்குச் சமம்.

கறை பட்டால் கேபினுக்கு வந்ததும் செய்ய வேண்டியது: எண்ணெய், சாஸ் என்றால் முதலில் டிஷ்யூவால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்த்தால் இழைக்குள் இறங்கிவிடும். பிறகு பாத்திரம் கழுவுகிற லிக்விட் இரண்டு சொட்டு விட்டு, விரலால் தடவி, பத்து நிமிடம் கழித்து அலசுங்கள். 30 மில்லி பாட்டிலில் கொண்டுபோனால் வாரம் முழுக்க வரும். பால், ஐஸ்க்ரீம், முட்டை என்றால் பச்சைத் தண்ணீர் மட்டும். சுடுதண்ணீர் பட்டால் புரதம் உறைந்து கறை நிலைத்துவிடும். எந்தக் கறையானாலும் போனது உறுதியாகும் வரை டிரையரில் போடாதீர்கள்.

இன்னொன்று, சாப்பாட்டுக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் பையன் இருக்கிறானே என்று சொல்கிறேன். கரீபியன் பக்கம் போகிற கப்பல் என்றால் ராணுவ உடை மாதிரித் திட்டுத் திட்டாக டிசைன் போட்ட ஷார்ட்ஸ், தொப்பி எதுவும் எடுக்க வேண்டாம். பார்படோஸ், ஜமைக்கா போன்ற இடங்களில் பொதுமக்கள் அதைப் போடுவதே சட்டப்படி குற்றம். குழந்தைகளுக்கும்தான்.

---

தென்றல்திசை:

ஆண்களின் ஷார்ட்ஸ் பற்றி மேலே யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. பல கப்பல்களில் கேஷுவல் இரவில் முட்டி வரை வருகிற, இடுப்பில் பட்டனும் பெல்ட் மாட்டும் வளையமும் வைத்துத் தைத்த ஷார்ட்ஸை அனுமதிக்கிறார்கள். எலாஸ்டிக் இடுப்பு, பளபளா நைலான், பக்கவாட்டில் கோடு, இதெல்லாம் கூடாது. ஆனால் அனுமதி இருக்கிறது என்பதற்காக அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஒரே கம்பெனியிலேயே ஒரு வாசலில் விடுவார்கள், இன்னொரு வாசலில் திருப்பி அனுப்புவார்கள். குடும்பமே உள்ளே போய் உட்கார்ந்த பிறகு ஒருவர் மட்டும் கேபினுக்குப் போய் மாற்றிக்கொண்டு வர, லிஃப்ட் கூட்டத்தில் இருபது நிமிடம் போய்விடும். அதோடு அந்த ஏசியில் வெறும் முழங்காலோடு உட்காருவது சுகமில்லை.

---

இரண்டுபெட்டி:

மூவருக்கும் நன்றி. பேன்ட் கணக்கு மனசில் பதிந்துவிட்டது. இரண்டு சந்தேகம் பாக்கி. கப்பலில் இஸ்திரி போட முடியுமா? மாமியாருக்கு மூட்டு வலி உண்டு, செருப்பு எப்படிப்பட்டது நல்லது?

---

கேபின்கணக்கு:

இஸ்திரிப்பெட்டியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். தீ ஆபத்து என்பதால் பெரும்பாலான கப்பல்களில் தடை. கையடக்க ஸ்டீமரும் அதே பட்டியலில்தான் இருக்கும். ஸ்கேனில் தெரிந்தால் பெட்டியைப் பாதுகாப்புப் பிரிவில் பிடித்துவைப்பார்கள், நீங்கள் போய்த் திறந்துகாட்ட வேண்டும். பெட்டி தாமதமானால் மாற்று உடையும் தாமதம். கார்னிவல், டிஸ்னி, பிரின்சஸ் கம்பெனிகளின் பெரும்பாலான கப்பல்களில் பயணிகளே துவைத்து இஸ்திரி போடுகிற அறைகள் உண்டு. ராயல் கரீபியனில் கிடையாது, நார்வீஜியனிலும் பெரும்பாலும் கிடையாது, காசு கொடுத்து லாண்டரிக்குப் போட வேண்டும்.

ஆகவே துணி எடுக்கும்போதே கசங்காததாக எடுப்பதுதான் வழி. சோதனை சுலபம்: துணியின் ஓரத்தை உள்ளங்கையில் இறுக்கிப் பத்து நொடி வைத்துவிட்டு விடுங்கள். கோடு கோடாக நின்றால் பெட்டியிலும் அப்படியே நிற்கும். லினன், ரேயான், மெல்லிய முழுப்பருத்திச் சட்டை எல்லாம் இதில் தோற்கும். பின்னல் துணி, பாலியஸ்டர் கலந்த பருத்தி, க்ரேப் தேறும். கசங்கக்கூடியதை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஒவ்வொன்றையும் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியுங்கள். துணி ஒன்றோடொன்று உரசாமல் வழுக்கிக்கொண்டு போவதால் மடிப்பு ஆழமாக விழாது. கேபினுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக மாட்டிவிட வேண்டும். குளிக்கும்போது குளியலறைக் கதவின் உட்பக்கம் மாட்டினால் நீராவியில் லேசான கசங்கல் போகும். லினன் காலருக்கு அந்த வித்தை பலிக்காது.

கேபின் அலமாரியில் ஐந்து பேருக்கு ஹேங்கர் போதாது. மெல்லிய ஹேங்கர் ஆறேழு எடுத்துக்கொள்ளுங்கள், எடை ஒன்றுமில்லை. கேபின் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கி ஒட்டும். நாலு கொக்கி இருந்தால் கார்டிகன், கைப்பை, ஈரத் தொப்பி எல்லாம் சுவருக்குப் போய்விடும். ஒற்றை நாற்காலியில் துணி குவியாது.

செருப்புக்கு: மாமியாருக்குப் பின்னங்காலில் வார் உள்ளது, அடியில் ரப்பர், குதிகால் 2 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். டெக்குக்குப் போகும் கதவுகளின் கீழே உயர்ந்த நிலைப்படி இருக்கும், கேபின் குளியலறை வாசலிலும் பல கப்பல்களில் ஒரு படி உண்டு. பின்பக்கம் திறந்த செருப்பு அங்கேதான் கழன்று தடுக்கும். உங்களுக்கும் கூர்மையான ஹீல் வேண்டாம். தள்ளாட்டம் இல்லாத இரவில்கூட நீளமான தாழ்வாரத்தின் கம்பளத்தில் கால் மடங்கும். அகலமான ஹீல் என்றால் 4 சென்டிமீட்டர் வரை சமாளிக்கலாம். பாவாடை, ஃப்ராக் தரையிலிருந்து 5 சென்டிமீட்டராவது மேலே நிற்கட்டும். சாப்பிட்ட பிறகு மேல்தளத்துக்குப் போய்க் காற்று வாங்குகிற எண்ணம் இருந்தால் விரிந்த குடைப்பாவாடை வேண்டாம், கையிரண்டும் அதைப் பிடித்துக்கொள்ளவே சரியாகிவிடும்.

---

மேல்தளம்:

ஒரு விஷயம் விட்டுப்போனது. முதல் இரவும் கடைசி இரவும் உங்கள் கேஷுவல் கணக்கில்தான் வரும், இரண்டிலும் சிக்கல் பெட்டியால்.

ஏறுகிற அன்று துறைமுகத்தில் ஒப்படைக்கிற பெட்டி கேபின் வாசலுக்கு வரச் சாயங்காலம் ஆகும். முதல் பந்தி என்றால் நீங்கள் சாப்பிட்டுத் திரும்பிய பிறகும் வரலாம். அதனால் கையோடு எடுத்துப் போகும் பையில் ஐந்து பேருக்கும் ஒவ்வொரு மேல்சட்டை, மாமியாரின் கார்டிகன், மருந்து. பேன்ட்டும் ஷூவும் வீட்டிலிருந்தே டைனிங் ரூமுக்கு ஏற்றதாகப் போட்டுக்கொண்டு கிளம்பினால் மேலே மட்டும் மாற்றினால் போதும். நீச்சலுடையும் அந்தப் பையிலேயே இருக்கட்டும், ஏறின உடனே பிள்ளைகள் குளத்துக்குத்தான் ஓடுவார்கள்.

கடைசி இரவு பெட்டிகளை மூடித் தாழ்வாரத்தில் வைத்துவிடச் சொல்வார்கள், பல கப்பல்களில் 10, 11 மணிக்குள். காலையில் அவை கரையில்தான் கைக்கு வரும். அவசரத்தில் எல்லாவற்றையும் திணித்து அனுப்பிவிட்டு, காலையில் போட ஷூ இல்லாமல் கேபின் செருப்போடு இறங்குகிறவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு. கடைசி இரவு சாப்பாட்டுக்குப் போட்ட பேன்ட்டும் ஷூவும்தான் மறுநாள் இறங்கும் உடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு சுத்தமான மேல்சட்டையும் உள்ளாடையும் காந்தக் கொக்கியில் மாட்டிவிட்டு, தரையில் ஐந்து ஜோடி காலணி இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பெட்டியை வெளியே தள்ளுங்கள். கொக்கிகளைக் காலையில் கழற்ற மறந்துவிடாதீர்கள்.