பக்கவாதத்துக்குப் பிறகு விஆர் (கணினி காட்டும் மெய்நிகர் காட்சி) வைத்து நடைப்பயிற்சி: உங்கள் வீட்டு அனுபவம் என்ன?

குளச்சல்காரி:
அப்பாவுக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. காலமெல்லாம் வள்ளத்தில் போன மனுஷன். இப்போது நிற்பார், ஆனால் கம்பியை விடமாட்டார். நாகர்கோவிலில் பிசியோ கண்ணை மறைக்கும் விஆர் ஹெட்செட்டை மாட்டி, இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு படகுக் காட்சியைப் போட்டார். அலை ஏறியதும் அப்பாவின் இடது முட்டி தானாக மடங்கி நிமிர்ந்தது. கை கம்பியில் இல்லை! "வள்ளம் சாயுது மக்கா" என்றார். ஹெட்செட்டைக் கழற்றியதும் மறுபடி கம்பி, மறுபடி இழுத்து இழுத்து நடை. அங்கே மடங்கிய முட்டி தரையில் ஏன் மடங்கமாட்டேன் என்கிறது? தூக்கமே வரவில்லை.

தக்கலை மகன்:
எங்க அம்மைக்கும் மாட்டினார்கள். கொஞ்ச நேரத்திலேயே முகம் வெளுத்து, வேர்த்து, வாந்தி. "என் காலைக் காணல்லியே" என்று என் சட்டையைப் பிடித்த பிடியில் பட்டன் தெறித்துவிட்டது. காசு பிடுங்கும் வேலை. நம்பாதீங்க அக்கா.

மார்த்தாண்டம் மருமகள்:
தக்கலை அண்ணன் சொல்வதை அப்படியே ஏற்க முடியாது. என் மாமியாருக்கு ஹெட்செட் இல்லை, டிவி திரைதான். விழும் பழத்தைப் பிடிக்க உடம்பை இடப்பக்கம் சாய்க்கணும். பலம் இல்லாத காலில் பாரம் ஏற்றவே பயந்தவர், பழம் தப்பியதும் கோபத்தில் ஏற்றிவிட்டார். தரை கண்ணில் தெரிந்ததால் தலைசுற்றல் இல்லை.

கண், உள்காது, பாத உணர்வு மூன்றும் சேர்ந்துதான் நம்மை நிற்க வைக்கிறது. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு பலர் கண்ணையே அதிகம் நம்புவார்கள். ஹெட்செட்டில் கண் "ஆடுகிறது" என்கிறது, காது "இல்லை" என்கிறது. குமட்டல் அதனால்தான். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2017 தொகுப்பில் 72 ஆய்வுகள், 2470 பேர். வழக்கமான பயிற்சிக்குப் பதிலாக விஆர் வைத்தால் நடையோ சமநிலையோ கூடுதலாகத் தேறும் என்று அதில் நிரூபணமாகவில்லை. பயிற்சி நேரத்தைக் கூட்ட இதைச் சேர்த்தபோது கைக்குப் பலன் தெரிந்தது. அதனால் சாதாரண நடைப்பயிற்சியை நிறுத்தவே கூடாது. குளச்சல் அக்கா, படகு முடிந்த சூட்டோடு அதே முட்டி மடக்கலை வெறும் தரையில் செய்யவைக்கச் சொல்லுங்க. வீட்டில் அடுக்களை வாசல்படியைத் தாண்டிப் பழக்குங்க, அங்கேதான் கால் தட்டும். பலவீனமான பக்கம் ஒரு ஆள் நிற்கணும். வலிப்பு வந்திருந்தால் முன்னாடியே டாக்டரிடம் சொல்லணும். இடப்பக்கத்தைக் கவனிக்காமல் விடுகிறாரா என்றும் கேளுங்க. வெறும் வயிற்றோடு கூட்டிப்போகாதீங்க.

தக்கலை மகன்:
காது, கண் விளக்கமெல்லாம் சரி. வாந்தி எடுத்தது எங்க அம்மை. ஹெட்செட் வேண்டாம் என்றால் டிவியில் செய்யலாம் என்று அங்கே ஒருத்தரும் சொல்லவில்லையே, அதுதான் என் ஆத்திரம். அந்த டிவி வைத்த இடம் மார்த்தாண்டத்திலேயா? படி ஏறணுமா, லிப்ட் உண்டா?