இலவச ஃப்ளூ தடுப்பூசிக்கும் மாணவர்கள் வருவதில்லை. என்ன செய்யலாம்?

கேள்வி: விடுதித் துணைக் காப்பாளர்

எங்கள் பல்கலைக்கழக விடுதியில் ஃப்ளூ தடுப்பூசி முகாமுக்கு மூன்றாவது ஆண்டாக நான்தான் பொறுப்பு. பணம் கிடையாது, ஐந்து நிமிட வேலை. ஆனாலும் நாற்காலிகள் காலியாகவே கிடக்கின்றன. இந்த முறை நோயுற்ற நுரையீரல் படத்தைப் பெரிதாகப் போட்டுச் சுவரொட்டி ஒட்டினேன். மறுநாளே அதன் மேல் கால்பந்து அணித் தேர்வு அறிவிப்பு ஏறிவிட்டது. நுரையீரலின் ஓரம் மட்டும் எட்டிப் பார்க்கிறது.

கேட்டால் ஒருவர், "எனக்கெல்லாம் வராது சார்" என்கிறார். இன்னொருவர், "போன ஆண்டு ஊசி போட்ட பிறகுதான் காய்ச்சலே வந்தது" என்கிறார். மருந்தியல் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் மூன்று வாரமாக "அடுத்த வாரம்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். மருந்தியல்! இவர்களுக்கு நான் என்ன புதிதாகச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: பொதுச் சுகாதார ஆசிரியை

இது அறிவுக் குறைவு இல்லை ஐயா. 1950களில் அமெரிக்காவில் காசநோய்க்கு இலவச எக்ஸ்ரே எடுத்தபோதும் இதே கதைதான். காட்ஃப்ரே ஹாக்பாம் என்ற உளவியலாளர் ஆராய்ந்தார். 'எனக்கும் வரலாம்', 'முன்கூட்டியே கண்டுபிடித்தால் பலன் உண்டு' என்ற இரண்டையும் நம்பியவர்களில் 82 சதவீதம் பேர் ஒருமுறையாவது தாமாக எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டையும் நம்பாதவர்களில் 21 சதவீதம்தான். உங்கள் "எனக்கெல்லாம் வராது" மாணவர் அந்த இரண்டாவது கூட்டம்.

நுரையீரல் படத்தை விட்டுவிடுங்கள். 1965இல் வெளியான ஓர் ஆய்வில் யேல் பல்கலைக்கழக மாணவர்களுக்கு டெட்டனஸ் பற்றிக் கோரமான படங்களோடும் மிதமாகவும் கையேடுகள் கொடுத்தார்கள். பயம் கூடியதால் ஊசி போட்டவர் எண்ணிக்கை கூடவில்லை. கையேட்டோடு சுகாதார மையத்தை வட்டமிட்ட வரைபடத்தையும் கொடுத்து, வாரத்தில் எந்த நேரம் போகலாம் என்று பார்க்கச் சொன்னபோது 28 சதவீதம் பேர் போனார்கள். அது இல்லாதவர்களில் 3 சதவீதம். இறுதியாண்டு மாணவர்கள், மையம் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன!

பதில்: மாலை நேரச் செவிலி

"ஊசி போட்டதும் காய்ச்சல்" என்பவரிடம் "பொய்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதோடு எழுந்து போய்விடுவார். ஒருநாள் உடம்பு கணகணக்கலாம், கை வலிக்கலாம். ஆனால் ஊசியில் இருப்பது உயிருள்ள வைரஸ் இல்லை, அதனால் ஃப்ளூ வர வழியில்லை. பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். அதற்குள் வேறு சளி பிடித்தாலும் பழி ஊசி மேல்தான் விழும். நான் இதை ஊசி போடும் முன்பே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி கேட்டவர்: பத்து நாள் கழித்து

நுரையீரலைக் கிழித்துப் போட்டேன். மருந்தியல் மாணவரைப் பிடித்து, "கைபேசியில் கால அட்டவணையைத் திற" என்றேன். வியாழன் இரண்டு மணிக்கு ஓய்வு. அவரையே குறித்துக்கொள்ளச் சொன்னேன்.

வந்தார். சட்டைக் கையை மடித்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "முடிந்ததும் சொல்லுங்கள் சார், எனக்கு ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றும்" என்றார். மூன்று வாரமாக இதை என்னிடம் சொல்லவே இல்லை.

அடுத்த முகாமில் மறைப்புத் திரை ஒன்று வைக்கலாம் என்றிருக்கிறேன். செவிலி அம்மா, ஊசிக்குப் பயப்படுபவர்களைப் படுக்க வைத்துப் போடலாமா?

பதில்: மாலை நேரச் செவிலி

தாராளமாக. போட்ட பிறகு பதினைந்து நிமிடம் எழுந்து நடக்க விடாதீர்கள்.