டிரெஸ்ஸாஜ் குதிரை: கன்ஃபார்மேஷன், மூவ்மென்ட் இரண்டுக்கும் தமிழ்ச் சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

டிரெஸ்ஸாஜ், அதாவது பழக்கிய குதிரையை நுட்பமாக இயக்கிக் காட்டும் போட்டிக் கலை; அதற்கான குதிரைகளை ஒப்பிடக் கற்றுத்தரும் வகுப்புக் கையேட்டை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். கழுத்து எங்கிருந்து எழுகிறது, தோள் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, முதுகு நீளமா குட்டையா, இதெல்லாம் நிற்கும்போது பார்ப்பது: கன்ஃபார்மேஷன். முன்குளம்பின் தடத்தைப் பின்குளம்பு தாண்டி விழுகிறதா என்பது ஓடவிட்டுப் பார்ப்பது: மூவ்மென்ட். உடலமைப்பு, அசைவு என்று போட்டிருக்கிறேன், மனசு ஒப்பவில்லை. இந்த வாக்கியத்தில் பொருந்தும் சொற்கள் வேண்டும்: “முதல் குதிரைக்கு ---- சிறப்பு, ---- இரண்டாவதுக்குத்தான்.”

மறுமொழி 1

அம்மா, உடற்கட்டு என்றே போடுங்கள், எல்லாருக்கும் புரியும். மூவ்மென்டுக்கு நடை. நடையழகு என்று சொல்லிப் பழகியவர்கள்தானே நாம்.

மறுமொழி 2

உடற்கட்டு வேண்டாம் ஐயா. கட்டு என்றதும் தசைதான் நினைவுக்கு வரும். தசை பயிற்சியில் வரும், ஓய்வில் போகும். கன்ஃபார்மேஷன் என்பது எலும்புகளின் நீளமும் கோணமும்; வளர்ந்த குதிரைக்கு அது மாறுவதில்லை. மெலிந்த குதிரைக்கும் அது நன்றாக இருக்கலாம். நான் சொல்லிக்கொடுத்த மாணவர்கள் தடுமாறியதே இங்கேதான். நன்றாகப் பழக்கிய குதிரையின் மேற்கழுத்துச் சதையைப் பார்த்து மயங்கிவிடுவார்கள். நம் சொல்லும் அந்தத் தவறுக்குத் துணைபோகக் கூடாது. உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் விதம் என்பதால் உறுப்பமைதி எனலாம்.

நடையிலும் சிக்கல் இருக்கிறது. வாக் (walk) என்ற மெதுவான போக்குக்கு நான்கு தட்டு, அதாவது ஒரு சுற்றில் குளம்பொலி நான்கு முறை கேட்கும். டிராட் என்ற துள்ளோட்டத்தில் மூலைவிட்டக் கால்கள் சேர்ந்து விழுவதால் இரண்டு தட்டு. கேன்டர் என்ற பாய்ச்சலில் மூன்று தட்டு, அப்புறம் நான்கு காலும் தரையைவிட்ட ஒரு கணம். வாக்கை நடை என்றால் இம்மூன்றுக்கும் பொதுப்பெயர் வேறு வேண்டும். அதற்குக் கதி, மொத்த மூவ்மென்டுக்கு இயக்கம்.

மறுமொழி 3

கதி வடசொல். நம்மிடம் பரி இருக்கிறது. பட்டினப்பாலை “நீரின் வந்த நிமிர்பரிப் புரவியும்” என்கிறது. அங்கே புரவிதான் குதிரை, பரி அதன் ஓட்டம். ஓட்டத்தின் பெயர் பிறகு விலங்குக்கே ஆகிவந்தது. மதுரைக்காஞ்சியில் “அடிபடு மண்டிலத்து ஆதி போகிய” புரவி வருகிறது. மண்டிலம் குதிரை ஓடும் வட்டம், ஆதி ஒருவகை ஓட்டம். டிரெஸ்ஸாஜ் களத்தில் 20 மீட்டர் வட்டம் போடுகிறார்களே, அது மண்டிலமேதான்! குதிரை என்ற பெயரும் குதி என்ற வினையிலிருந்து வந்தது என்பேன். இயக்கம் இந்த விலங்கின் பெயரிலேயே இருக்கும்போது கடன் எதற்கு?

மறுமொழி 4

குதி வேரைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம் ஐயா, அது முடிந்த வழக்கு இல்லை. பரி என்றால் இன்று குதிரைதான். “பரியின் பரி” என்று எழுதினால் படிப்பவர் நின்றுவிடுவார். மண்டிலம் அருமை, அதை எடுத்துக்கொள்வோம்.

உறுப்பமைதியிலும் எனக்குத் தயக்கம். இலக்கணத்தில் வழுவமைதி படித்தவர்களுக்குச் சரி. மற்றவர்கள் அமைதியான குதிரை என்று சுபாவத்தைத்தான் நினைப்பார்கள். உறுப்பமைவு என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

இன்னொன்று. பியாஃப் (நின்ற இடத்திலேயே போடும் டிராட்), பஸாஜ் (கால்களை உயர்த்தி நிதானமாகப் போடும் டிராட்), ஹாஃப் பாஸ் (பக்கவாட்டில் சாய்ந்து முன்னேறுவது) இவற்றையும் மூவ்மென்ட் என்றே சொல்கிறார்கள். அங்கே இயக்கம் ஒட்டாது. அடவு என்றால் என்ன? நாட்டியத்தில் பழகிப் பழகிச் சேர்த்து ஆடும் அலகு என்ற பொருள் அப்படியே பொருந்துகிறது.

மறுமொழி 2 (மீண்டும்)

அடவு! இதற்குத்தான் காத்திருந்தேன். உறுப்பமைவும் சரி.

மறுமொழி 1 (மீண்டும்)

எனக்கு இன்னமும் உடற்கட்டுதான் எளிது. தசைக் குழப்பத்தை ஒரு வரி விளக்கத்தில் தீர்க்கலாமே. பெரும்பான்மைக்கு விட்டுக்கொடுக்கிறேன்.

தொடங்கியவர்

எல்லாருக்கும் நன்றி. உறுப்பமைவு, இயக்கம், கதி, அடவு, மண்டிலம் ஐந்தும் கையேட்டில் ஏறிவிட்டன. “முதல் குதிரைக்கு உறுப்பமைவு சிறப்பு, இயக்கம் இரண்டாவதுக்குத்தான்.” வாய்விட்டுப் படித்தேன், தடங்கல் இல்லை. நான்கு காலும் தரையைவிட்ட அந்தக் கணத்துக்கு மட்டும் இன்னும் சொல் கிடைக்கவில்லை.

மறுமொழி 3 (மீண்டும்)

கதிக்கு என் ஒப்புதல் இல்லை, அதைப் பதிவுசெய்யுங்கள். அந்தக் கணத்துக்கு மிதப்பு என்று வையுங்கள்.