சோக்கை விட்டால் நின்றுவிடுகிறது: பழைய ஜீப் பிக்கப், ஒரிஜினல் கார்புரேட்டர், உதவுங்கள்

மண்டபம் ஐஸ்வண்டி:
வணக்கம். அப்பா காலத்து பெட்ரோல் ஜீப் பிக்கப், ஹரிக்கேன் இன்ஜின். பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்ப, வண்டியோடு வந்த கார்ட்டர் ஒய்எஃப் ஒற்றை பேரல் கார்புரேட்டர்தான் இன்றைக்கும் இருக்கிறது. மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் மார்க்கெட்டுக்கு மீன், திரும்பும்போது ஐஸ், இதுதான் அதன் வேலை. ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் தோப்பில் நிறுத்தியவன் 61 நாளும் சாவியே போடவில்லை, அது என் தப்பு. விசைப்படகுகள் திரும்பக் கடலுக்குப் போன அன்று எடுத்தேன். சோக் (காற்றைக் குறைக்கும் பிடி) இழுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது, சோக்கை உள்ளே தள்ளினால் ஆஃப். பாதி சோக்கில் ஓடும், வேகம் பிடித்துவிட்டால் குறையே தெரியாது, ஆனால் உச்சிப்புளி கடைத்தெருவில் வேகம் குறைத்ததும் மூன்று தடவை நின்றுவிட்டது, பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார், வண்டியில் ஐஸ் உருகுகிறது. ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்தால் ஒரு நொடி மூச்சடைத்து அப்புறம்தான் எடுக்கிறது. பிளக், பாயிண்ட், கண்டன்சர் எல்லாம் புதுசு. கழற்றிய பிளக் வெள்ளையாக இருந்தது. மெக்கானிக் இதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வண்டிக் கார்புரேட்டர் மாட்டலாம் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. இதைச் சரிபண்ண முடியுமா?

தொண்டி டிரைவர்:
அண்ணே, எங்கள் பக்கமும் இதே கதைதான், உப்புக்காற்று. கழற்றி ஒரு ராத்திரி புளித்தண்ணீரில் ஊறப்போடுங்கள், பித்தளை பளிச்சென்று ஆகிவிடும்.

கீழக்கரை பட்டறை:
தம்பி, புளியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். பெட்ரோல் போகும் சின்ன ஓட்டையுள்ள ஜெட் பித்தளை, சரி, ஆனால் மேல் பாடி துத்தநாகக் கலவை. புளிப்பு அதை அரித்துவிடும், பிறகு கவர் உட்காரும் முகமே கெட்டுப்போகும்.

முதலில் ஒன்று சொல்லுங்கள், பாதி சோக்கில் ஓடும்போது ஐடில் மிக்ஸ்சர் ஸ்குரூவை, அதாவது மிதிக்காமல் ஓடும்போது (ஐடிலிங்) கலவையைச் சரிசெய்யும் திருகை, முழுக்க உள்ளே திருகினால் இன்ஜின் சத்தம் மாறுகிறதா? ஆக்சிலேட்டரை மிதித்தால் திரும்பும் த்ராட்டில் ஷாஃப்ட்டை விரலால் மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் இருக்கிறதா?

மண்டபம் ஐஸ்வண்டி:
காக்கா, ஸ்குரூவை உள்ளே திருகினாலும் வெளியே எடுத்தாலும் ஒரு மாற்றமும் இல்லை. ஷாஃப்ட்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறது, அசைக்கும்போது ஐடிலிங் லேசாக ஏறி இறங்குகிறது.

கீழக்கரை பட்டறை:
அப்படியென்றால் இரண்டு மூன்று குறை ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. ஸ்குரூவுக்கு மதிப்பே இல்லை என்றால் ஐடில் வழியில் பெட்ரோல் வரவில்லை. நிறுத்திவைத்த வண்டியில் பவுலில் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) இருந்த பெட்ரோல் காய்ந்து பிசினாகிவிடும். இப்போது வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், அது ஈரத்தை இழுக்கும், அதனால் உள்ளே வெள்ளைப் பொடியும் சேரும். மிதித்தால் மூச்சடைப்பதற்குக் காரணம் பம்ப் டயாஃப்ரம், மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோலைத் தள்ளும் சவ்வு, அது விறைத்திருக்கும் அல்லது கிழிந்திருக்கும்.

இன்ஜின் ஆறிய பிறகு கழற்றுங்கள், பவுலில் பெட்ரோல் இருக்கும், பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது. மேல் கவரை எடுக்கும்போது மெயின் ஜெட்டுக்குள் தொங்கும் மீட்டரிங் ராடு என்ற மெல்லிய ஊசி வளையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது வளைந்தால் டியூனிங் நிற்காது. உள்ளே மெல்லிய பித்தளைக் குழாய் மாதிரி ஒன்று இருக்கும், அதுதான் ஐடில் ஜெட், நுனி ஓட்டை அவ்வளவு சின்னது. அதில் இரும்புக் கம்பி விடவே கூடாது, ஓட்டை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட் வீண். கார்ப் கிளீனர் அடித்து ஊறவிட்டு, தங்கூசி (மீன் வலை நைலான்) நரம்பில் ஓட்டைக்குள் போகிற அளவு மெல்லியதாக ஒரு துண்டு எடுத்து விடுங்கள், பிறகு பஞ்சர் கடைக் காற்று. ரப்பர், டயாஃப்ரம் எதிலும் கிளீனர் படக்கூடாது. கவர் முகத்தைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துப் பாருங்கள், ஆடினால் கண்ணாடியில் எமரி ஷீட் விரித்து மெதுவாகத் தேய்த்துச் சமப்படுத்துங்கள். கேஸ்கெட் எல்லாம் புதுசு போடுங்கள். மாட்டும்போது மிக்ஸ்சர் ஸ்குரூவை லேசாக முட்டும்வரை திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. இறுக்கினால் ஊசி நுனியில் பள்ளம் விழும்.

தொண்டி டிரைவர்:
புளி விஷயம் தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும் அண்ணே. என் வண்டியில் ஒருமுறை அப்படிப் போட்ட பாடி முழுக்கப் புள்ளி புள்ளியாகப் போனது, காரணம் இப்போதுதான் தெரிகிறது.

மண்டபம் ஐஸ்வண்டி:
காக்கா, திறந்துவிட்டேன். பவுல் அடியில் பழுப்பு நிறத்தில் கோந்து மாதிரி ஒரு படிவு, ஓரத்தில் உப்பளத்தில் பூப்பது போல வெள்ளை. ஐடில் ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தால் ஒளியே தெரியவில்லை. இரண்டு தடவை ஊறவைத்து, வலை பின்னுகிற மாமாவிடம் நரம்பு வாங்கி மூன்றாவது முயற்சியில்தான் நுழைந்தது, அந்தச் சின்ன வெளிச்சப் புள்ளி தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். டயாஃப்ரம் தொட்டதும் ஓரத்தில் பிய்ந்துவிட்டது. மதுரையிலிருந்து கிட் வரவழைத்து நேற்று மாட்டினேன். சோக் இல்லாமல் ஐடிலிங் நிற்கிறது, மிதித்தால் உடனே எடுக்கிறது, ஸ்குரூவும் இப்போது பேசுகிறது. ஆனால் ஐடிலிங்கில் இன்னும் லேசான ஏற்ற இறக்கம் இருக்கிறது.

கீழக்கரை பட்டறை:
அது ஷாஃப்ட் ஆட்டம், அந்த இடுக்கில் காற்று இழுக்கிறது. லேத்தில் ஓட்டையைப் பெரிதாக்கிப் பித்தளை புஷ் (உள்வளையம்) அடித்துவிட்டால் தீரும், அவசரம் இல்லை. அந்த ஷாஃப்ட்டில் இருக்கும் பட்டர்ஃப்ளை தகட்டின் ஸ்குரூவைக் கழற்றினால் திரும்ப மாட்டும்போது அதன் நுனியை அடித்து விரித்துவிடச் சொல்லுங்கள். கழன்று விழுந்தால் நேராக இன்ஜினுக்குள் போகும்.

அடுத்த தடைக்காலத்தில் நிறுத்துவதற்கு முன்னால் பெட்ரோல் ஹோஸைக் கழற்றி வாயை அடைத்துவிட்டு, பவுல் காலியாகி வண்டி தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். ஹோஸும் பழசு என்றால் எத்தனால் தாங்குகிற ஹோஸாக மாற்றுங்கள், உள்ளே உரிந்து வரும் தூள்தான் மறுபடி ஜெட்டை அடைக்கும்.

மண்டபம் ஐஸ்வண்டி:
ஹோஸ் இன்றைக்கே மாற்றுகிறேன் காக்கா. வெள்ளிக்கிழமை ராமநாதபுரத்தில் லேத்துக்குப் போகிறேன், புஷ் போட்டதும் எழுதுகிறேன்.