கடைக்காரர்களுக்கு அந்த ஒற்றைப் பொத்தானைக் காட்டலாமா?

செந்தூல்வாசி:

வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிக்பீல்ட்ஸில் சிறு வியாபாரிகள் பன்னிரண்டு பேருக்குச் சொந்தமாக இணையத்தளம் வைக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். பூக்கட்டி விற்பவர், கேட்டரிங் நடத்துபவர், துணி தைப்பவர் என்று கலவையான கூட்டம். அடுத்த மாதம் புது அணி. கூடவே கற்பிக்கும் நண்பர், "சீபேனலுக்குள் போ, சாஃப்டாகுலஸைத் திற, வேர்ட்பிரஸ் படத்தைத் தட்டு, அவ்வளவுதான், அதை மட்டும் காட்டுவோம்" என்கிறார். சீபேனல் என்பது ஹோஸ்டிங் கணக்கை, அதாவது தளத்துக்காக வாடகைக்கு எடுத்த சர்வர் இடத்தை, நிர்வகிக்கும் பக்கம். வேர்ட்பிரஸ் தளம் நடத்தும் மென்பொருள், அதை ஒரே பொத்தானில் நிறுவித் தருவது சாஃப்டாகுலஸ். அதை மட்டும் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கையால் நிறுவுவதைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்பது என் கட்சி.

போன அணியில் பொத்தானைத்தான் காட்டினேன். ஆறு மாதம் கழித்து ஒருவர், கட்டணம் கூடிவிட்டது என்று வேறு ஹோஸ்டிங்குக்கு மாறினார். தளத்தின் ஃபோல்டரை முழுதாக இறக்கி, புது இடத்தில் ஏற்றினார். திறந்தால் வெள்ளைப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: டேட்டாபேஸைத் தொடர்புகொள்ள முடியவில்லை. தான் எழுதியதும் விலைப்பட்டியலும் ஃபோல்டரில் இல்லை, டேட்டாபேஸ் என்ற தனிக் கிடங்கில் இருக்கின்றன என்பதே அவருக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? டேட்டாபேஸை உருவாக்கி, பெயர் வைத்து, கடவுச்சொல் போட்டது எல்லாம் பொத்தான்தானே. அதற்குள் பழைய கணக்கை மூடிவிட்டார். படங்கள் மட்டும் மிஞ்சின.

கையால் செய்வதில் என்ன இருக்கிறது? ஜிப் கோப்பை ஏற்றி விரிக்க வேண்டும். டேட்டாபேஸ் ஒன்று, அதற்கு ஒரு பயனர், இரண்டையும் இணைக்க வேண்டும். அப்புறம் விவரங்களை நிரப்ப வேண்டும். வேர்ட்பிரஸ்காரர்களே 'ஐந்து நிமிட நிறுவல்' என்று பெருமையாகச் சொன்ன வேலை இது. என் மாணவர்களுக்கு நாற்பது நிமிடம் ஆகும். ஆகட்டுமே.

ராத்திரி ஷிப்ட், பட்டர்வொர்த்:

அண்ணே, ஹோஸ்டிங் நிறுவனம் ஒன்றில் இரவு நேர ஆதரவுப் பிரிவில் இருக்கிறேன். அந்த நாற்பது நிமிடம்தான் எனக்குப் பயம்.

கோப்புகளை ஏற்றி விரித்த பிறகு, படிவத்தை நிரப்பி முடிக்கிற வரைக்கும் தளம் திறந்த வீடு. அந்த நேரத்தில் முகவரியைத் தட்டுகிற யாருக்கும் 'டேட்டாபேஸ் விவரம் கொடு' என்ற பக்கம்தான் வரும். எவனோ ஒருவன் தன்னுடைய டேட்டாபேஸ் விவரத்தைக் கொடுத்து, தன்னையே நிர்வாகியாக்கிக்கொள்ளலாம். அப்புறம் ப்ளகின், அதாவது கூடுதல் வசதி, என்ற பெயரில் தன் நிரலை ஏற்றினால் உங்கள் ஹோஸ்டிங் கணக்கே அவன் கையில். இப்படிப் பாதியில் நிற்கும் தளங்களைத் தேடித் திரியும் தாக்குதலைப் பற்றி வேர்ட்பிரஸ் பாதுகாப்பு நிறுவனமான வேர்ட்ஃபென்ஸ் 2017-லேயே எழுதியது. 2022-ல் இன்னொரு வழி தெரியவந்தது. தளத்துக்குப் பாதுகாப்பான இணைப்பு தரும் எஸ்எஸ்எல் சான்றிதழ் கொடுத்ததும் அந்த டொமைன் பெயர் பொதுப் பதிவேடு ஒன்றில் ஏறும். அந்தப் பதிவேட்டையே கண்காணித்து, புதுப் பெயர் தெரிந்த சில நிமிடங்களில் வந்துவிடுகிறார்கள்.

உங்கள் மாணவர் ஜிப்பை விரித்துவிட்டு ஒரு தே தாரிக் குடிக்கப் போனால் போதும். பொத்தான் கோப்பு, டேட்டாபேஸ், நிர்வாகி மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுகிறது. இன்னொன்று, எழுத முடியவில்லை என்று பிழை வந்ததும் எல்லா ஃபோல்டருக்கும், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற 777 அனுமதி கொடுத்துவிடுபவர்கள். கையால் நிறுவியவர்களிடம்தான் அதை அதிகம் பார்க்கிறேன்.

ஆயர் ஈத்தாம் அக்கா:

நான் கணினி படித்தவள் இல்லை. முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை செய்து விற்கிறேன். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஆர்டர் எடுக்கத் தளம் வேண்டும் என்று உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுத் தம்பி ஹோஸ்டிங் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான், மீதியை நானே செய்தேன். நாற்பது நிமிடம், டேட்டாபேஸ், பயனர் என்று யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கே மூடி வைத்திருப்பேன் தம்பி. பொத்தான் இருந்ததால்தான் ஆர்டர் வந்தது.

ஆனால் ஒன்று. 'எந்த ஃபோல்டரில்' என்று கேட்கிற கட்டத்தில் 'டபிள்யூபி' என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. அதை அழித்துக் காலியாக விட வேண்டும் என்று எனக்கு யார் சொல்வது? தளம், பெயருக்குப் பின்னால் சாய்கோடும் டபிள்யூபியுமாக வந்தது. அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்து, டப்பாவில் ஒட்டும் லேபிள் முந்நூறு அதே முகவரியோடு அச்சடித்துவிட்டேன். லேபிள் தீரும்வரை அதை மாற்றவும் மனம் வரவில்லை.

செந்தூல்வாசி:

அக்கா, நீங்கள் சொன்னதைப் படித்ததும் உறைத்தது. முதல் நாளே பயமுறுத்தி அனுப்பிவிட்டால் வகுப்பு எதற்கு?

ராத்திரி ஷிப்ட் சொன்ன திறந்த வீடு விஷயமும் சரியே. அதற்கு வழி உண்டு. கோப்பை ஏற்றும் முன்பே அந்த ஃபோல்டருக்குச் சீபேனலில் கடவுச்சொல் பூட்டுப் போடலாம், நிறுவி முடித்ததும் எடுத்துவிடலாம்.

ஆனால் பொத்தானும் வீட்டைப் பூட்டித் தருவதில்லை தம்பி. நாங்கள் பயன்படுத்திய ஹோஸ்டிங்கில், படிவம் திறக்கும்போதே நிர்வாகி பெயர் 'அட்மின்', கடவுச்சொல் 'பாஸ்' என்று நிரம்பி வந்தது. பன்னிரண்டு பேரில் நான்கு பேர் அதைத் தொடாமலே கீழே இறங்கி அழுத்தினார்கள். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வேளை, பார்த்தேன்.

சுலபமாக இருப்பதால் வருகிற குப்பையும் இருக்கிறது. ஒருவருடைய கணக்கைத் திறந்தால் டெஸ்ட், டெஸ்ட்2, புதுசு, ஜூம்லா, டபிள்யூபி-பழசு என்று ஐந்து ஃபோல்டர்கள். ஐந்தும் உயிரோடு. எதையும் யாரும் அப்டேட் செய்யவில்லை. ஒரே கணக்கில் எல்லாம் ஒரே பயனரின் பெயரில் ஓடுவதால், ஒன்றில் புகுந்தவன் மற்றதிலும் எழுதலாம். கையால் நாற்பது நிமிடம் பாடுபட்டு நிறுவியவன் ஐந்து தளம் போட்டு மறக்க மாட்டான்.

ராத்திரி ஷிப்ட், பட்டர்வொர்த்:

மறந்த தளங்களைப் பட்டியல் போட்டுக் காட்டுவதும் சாஃப்டாகுலஸ்தானே அண்ணே? எந்த ஃபோல்டரில் எந்தப் பதிப்பு, புதுப் பதிப்பு வந்துவிட்டதா என்று ஒரே பக்கத்தில் இருக்கும். மின்னஞ்சலும் அனுப்பும். கையால் நிறுவியது அந்தப் பட்டியலில் தானாக வராது, நாமாகச் சேர்த்தால்தான் உண்டு.

செந்தூல்வாசி:

அப்டேட்டுக்குப் பொத்தான் தேவையே இல்லை. 2013 அக்டோபரில் வந்த 3.7 முதல் வேர்ட்பிரஸ் சிறு பாதுகாப்புப் பதிப்புகளைத் தானே ஏற்றிக்கொள்கிறது. 2020 டிசம்பரில் வந்த 5.6 முதல், புதிதாக நிறுவும் தளங்களில் பெரிய பதிப்புகளும் தானாகவே ஏறும். கையால் நிறுவினாலும் இது பொருந்தும்.

நிறுவும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வருவதையும் பாருங்கள். உள்நுழைவு முயற்சிகளைக் கட்டுப்படுத்தும் லாகினைசர் ப்ளகின் சாஃப்டாகுலஸ்காரர்களுடையது. நிறுவும் படிவத்திலேயே அதற்கு ஒரு கட்டம் இருக்கும். 2020 அக்டோபரில் அதிலேயே, டேட்டாபேஸுக்குள் புக விடும் எஸ்கியூஎல் ஓட்டை கண்டுபிடித்தார்கள். அப்போது அது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்தது. காவலுக்கு வைத்ததே ஓட்டையாகிவிட்டது.

ராத்திரி ஷிப்ட், பட்டர்வொர்த்:

அந்த ஓட்டையை அடைத்தது எப்படி என்பதையும் சொல்லுங்கள். வேர்ட்பிரஸ் தரப்பே திருத்திய பதிப்பை எல்லாத் தளங்களுக்கும் கட்டாயமாகத் தள்ளிவிட்டது. அக்கா போன்ற யாரும் ஒன்றும் செய்யாமலே சரியானது. ப்ளகின் என்றால் ஓட்டை வரும், வந்தால் அடைக்க ஆள் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

ஜாலான் ஈப்போ பழசு:

இருவருக்கும் வணக்கம். சாஃப்டாகுலஸுக்கு முன் ஃபென்டாஸ்டிகோ என்று ஒன்று இருந்தது. வேர்ட்பிரஸில் புதுப் பதிப்பு வந்து பல நாள் ஆகியும் அதில் பழையதுதான் கிடைக்கும். அந்தக் காலத்தில் நானும் செந்தூல்வாசி கட்சிதான். கட்சி மாறிய கதையைச் சொல்கிறேன்.

2006-ல் ஒரு தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்களுக்காகத் தளம் போட்டேன். எல்லாம் கையால். படிப்படியாகக் குறிப்பெடுத்து, மிகச் சுத்தமாக. பழைய ஆசிரியர்களின் நேர்காணல், ரப்பர் தோட்டத்துப் பள்ளி நாள்களைப் பற்றிய நினைவுகள் என்று நூற்றுக்கும் மேல் பதிவுகள், எல்லாம் தமிழில். 2019-ல் வேறு சர்வருக்கு மாற்றினேன். டேட்டாபேஸை முறையாக இறக்கி ஏற்றினேன். தளம் திறந்தது, ஆனால் ஓர் எழுத்துகூடத் தமிழில் இல்லை. தலையில் கோடு கிழித்த 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் அடைபட்ட 'ஆர்', இந்த இரண்டுமே பக்கம் பக்கமாக ஓடின.

காரணம் இதுதான். அன்றைக்கு டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல் தானாக எடுத்துக்கொண்ட எழுத்துத் தொகுதி, மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1. எட்டாம் பதிப்பில்தான், 2018-ல், அது மாறியது. வேர்ட்பிரஸும் அன்று எதையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறியும், எல்லா மொழிக்கும் பொதுவான யூடிஎஃப்-8-ல் மூன்று பைட். முதல் இரண்டு பைட்டும் பெரும்பாலும் ஒன்றே. அவற்றை லத்தீன்1 என்று நினைத்துப் படித்தால் அந்த 'ஏ'யும் 'ஆரு'ம்தான். பழைய சர்வரில் தப்பாக வைத்து, அதே தப்போடு எடுத்ததால் பதின்மூன்று வருடம் சரியாகத் தெரிந்தது. அட்டவணைகளை முதலில் பைனரியாக்கி, அதாவது வெறும் பைட்டுகளாக்கி, அங்கிருந்து யூடிஎஃப்-8 எம்பி4-க்கு மாற்றி மீட்டேன். மூன்று இரவுகள் பிடித்தன. அதில் பேசிய ஆசிரியர்களில் இருவர் அதற்குள் காலமாகியிருந்தார்கள்.

நான் கையால் நிறுவியதனால் இது தவிர்ந்ததா? இல்லை. டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு தடவையாவது வேறு இடத்தில் ஏற்றிப் பார்த்திருந்தால் 2007-லேயே பத்துப் பதிவோடு பிடித்திருப்பேன். அதனால் நிறுவுவதைப் பொத்தானுக்கே விடுங்கள் தம்பி. அந்த நாற்பது நிமிடத்தை வீடு மாற்றக் கற்றுக்கொடுப்பதில் செலவிடுங்கள். தளத்தை இறக்கு, காலி இடத்தில் ஏற்று, திறந்து படி. அந்தக் கேட்டரிங் நண்பரோ யாரோ, அவர் விழுந்ததும் அங்கேதானே.

செந்தூல்வாசி:

ஐயா, அதை மறுக்க எனக்கு வழி தெரியவில்லை. சரி, முதல் வாரம் பொத்தான். இரண்டாம் வாரம் வீடு மாற்றுவது. ஆனால் கான்ஃபிக் கோப்பைத் திறந்து, டேட்டாபேஸ் பெயரையும் கடவுச்சொல்லையும் அவரவர் கண்ணால் பார்க்காமல் யாரையும் வீட்டுக்கு விட மாட்டேன்.

ராத்திரி ஷிப்ட், பட்டர்வொர்த்:

அதில் எனக்குச் சண்டையே இல்லை அண்ணே. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாஃப்டாகுலஸ் எடுக்கும் பேக்கப், வேறு இடம் சொல்லாவிட்டால், அதே ஹோஸ்டிங் கணக்கிலேயே தனி ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும். கணக்கு போனால் அதுவும் போகும். இறக்கி வீட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

அக்கா, உங்களுக்குப் புதுப் பதிப்பு மின்னஞ்சல் எதுவும் வருகிறதா?

ஆயர் ஈத்தாம் அக்கா:

ஒன்றுகூட வந்ததில்லை. நீங்கள் கேட்ட பிறகு அமைப்புப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அங்கே இருப்பது பக்கத்து வீட்டுத் தம்பியின் முகவரி. அவன் சிங்கப்பூர் போய் இரண்டு வருடம் ஆகிறது. போன் செய்து கேட்டேன். "ஆமாம் அக்கா, நிறைய வரும், விளம்பரம் என்று நினைத்தேன்" என்கிறான். என் முகவரிக்கு மாற்றிவிட்டேன். டபிள்யூபி2 என்று நான் விளையாடிப் பார்த்த ஒன்றும் பட்டியலில் நிற்கிறது. ஃபோல்டரை அழித்துவிடட்டுமா?

ராத்திரி ஷிப்ட், பட்டர்வொர்த்:

ஃபைல் மேனேஜரில் போய் அழிக்காதீர்கள் அக்கா, டேட்டாபேஸ் அங்கேயே தங்கிவிடும். சாஃப்டாகுலஸ் பட்டியலிலேயே அந்த வரியில் நீக்கும் குறி இருக்கும், அதை அழுத்துங்கள். அழுத்தும் முன் அது டபிள்யூபி2 வரிதானா என்று இரண்டு தடவை பாருங்கள். அதற்கும் முன்னால், ஆர்டர் வருகிற தளத்தை பேக்கப் எடுத்து உங்கள் கணினியில் இறக்கிவிடுங்கள்.

ஆயர் ஈத்தாம் அக்கா:

இறங்கிக்கொண்டிருக்கிறது. முடிந்ததும் சொல்கிறேன், அதுவரை எதையும் தொடவில்லை.